ஃபுல் டவர், ஆனால் பேச்சு உடைகிறது: சிக்னலின் இரைச்சலை அளக்க ஒரு ஆப் எழுதிய அனுபவம்

போனின் மேல்மூலையில் தெரியும் கோடுகள் சிக்னல் எவ்வளவு பலமாக வருகிறது என்று மட்டும்தான் சொல்லும், அதோடு சேர்ந்து எவ்வளவு இரைச்சல் வருகிறது என்று சொல்லாது. ஆண்ட்ராய்டின் அடிப்படை அமைப்பில் 4ஜி கோடுகள் ஆர்எஸ்ஆர்பி என்ற ஒரே அளவை (சிக்னலின் பலம், விளக்கம் கீழே) வைத்துத்தான் போடப்படுகின்றன, அதிலும் எந்த அளவுக்கு எத்தனை கோடு என்பதை நெட்வொர்க் நிறுவனங்கள் தங்களுக்கு ஏற்றபடி மாற்றி வைத்துக்கொள்ள முடியும். அதனால் கோடுகளைப் பார்த்து ரவுட்டரை எங்கே வைப்பது, எந்த அறையில் உட்கார்ந்து வேலை பார்ப்பது என்று முடிவு செய்தால் பல நேரம் தப்பான இடத்தில்தான் போய் நிற்போம்.

எங்கள் வீட்டில் நடந்ததும் இதுதான். மாடி அறையில் ஃபுல் டவர், கீழே சமையலறைப் பக்கம் வெறும் இரண்டு கோடு. ஆனால் வீடியோ மீட்டிங் கீழேதான் ஒழுங்காக ஓடுகிறது, மாடியில் உடைகிறது. வீட்டிலிருந்து வேலை பார்க்கும் தங்கச்சி, "அண்ணே, மாடியில ஃபுல் டவர் காட்டுது, ஆனா என் வாய் மட்டும்தான் அசையுது, சத்தமே வரலன்னு சொல்றாங்க" என்று தினமும் சொல்ல ஆரம்பித்தாள். போன் பழசு, சிம் பழசு, லேப்டாப் சரியில்லை என்று ஆளுக்கு ஒரு காரணம் சொன்னோம், யாரும் எதையும் அளந்து பார்க்கவில்லை. சரி, ஒரு சின்ன ஆப் எழுதி அறை அறையாக அளந்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

இதற்கு ஏற்கெனவே ஆப் இல்லையா என்றால், இருக்கிறது. நெட்மான்ஸ்டர், செல்மேப்பர் இரண்டுமே நல்லவை, டவர் எண், பேண்டு (அலைவரிசைத் தொகுதி), சிக்னல் அளவு எல்லாம் காட்டும். ஒரு பார்வை பார்க்க மட்டும் என்றால் டயல் பேடில் *#*#4636#*#* அடித்தாலே பல போன்களில் ஒரு சோதனைத் திரை திறக்கும், ஐபோனில் *3001#12345#*. எனக்கு வேண்டியது வேறு: இந்த அறையில் இத்தனை நிமிடம் வைத்தால் அளவுகள் எப்படிப் பரவுகின்றன, அதே விநாடியில் பிங் (ஒரு சின்னச் செய்தி போய்த் திரும்ப ஆகும் நேரம்) எவ்வளவு, இடையில் போன் டவர் மாறியதா, இதெல்லாம் ஒரே வரிசையில் ஒரு சிஎஸ்வி (காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) கோப்பாக வேண்டும். அதற்குச் சொந்தமாக எழுதுவதே சுலபம்.

முதலில் மூன்று அளவுகளைத் தெளிவுபடுத்திக்கொள்வோம், இது புரியாமல் கோட் எழுதிப் பயனில்லை.

டவர் எப்போதும் சில குறிப்பு அலைகளை அனுப்பிக்கொண்டே இருக்கும், பேச ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும். அந்தக் குறிப்பு அலை ஒன்றின் சராசரி சக்திதான் ஆர்எஸ்ஆர்பி. டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டுச் சக்தியைச் சொல்லும் அலகு) கணக்கில் ஏறத்தாழ −140 முதல் −44 வரை போகும், −80 என்றால் நல்ல பலம், −110க்குக் கீழே என்றால் மெலிவு. அடுத்தது ஆர்எஸ்ஆர்க்யூ. இது அந்தக் குறிப்பு அலையின் சக்தியை, அதே பேண்டில் வந்து விழும் மொத்த சக்தியோடு ஒப்பிடும் விகிதம். அந்த மொத்தத்தில் நம் டவரின் டேட்டா, பக்கத்து டவர்கள், இரைச்சல் எல்லாமே அடக்கம். மூன்றாவது எஸ்ஐஎன்ஆர், ஆண்ட்ராய்டில் ஆர்எஸ்எஸ்என்ஆர் என்ற பெயரில் வரும். நமக்கு வேண்டிய சிக்னல், குறுக்கீடும் இரைச்சலும் சேர்ந்த மொத்தத்தைவிட எத்தனை டிபி (டெசிபல், 10 டிபி என்றால் பத்து மடங்கு சக்தி) மேலே நிற்கிறது என்று நேரடியாகச் சொல்வது இதுதான்.

ஆர்எஸ்ஆர்க்யூவை மட்டும் நம்பக் கூடாது என்று நான் ஏன் சொல்கிறேன் என்றால், அது டவரின் சுமையையும் கலந்து சொல்கிறது. ஒரே ஆன்டெனா உள்ள டவர், இரைச்சலே இல்லை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், டவரில் ஒருவரும் டேட்டா எடுக்காதபோது ஆர்எஸ்ஆர்க்யூ −3 டிபி வரும், டவர் முழுதாக நிரம்பியிருக்கும்போது அதே இடத்தில் −10.8 ஆகிவிடும். சிக்னல் கெடவில்லை, ஊர்க்காரர்கள் எல்லாரும் வீடியோ பார்க்கிறார்கள், அவ்வளவுதான். இன்னொரு சிக்கல், நிரம்பிய டவரில் எஸ்ஐஎன்ஆர் 0 டிபி என்றால் ஆர்எஸ்ஆர்க்யூ −13.8, எஸ்ஐஎன்ஆர் 20 டிபி என்றால் −10.8. இந்த 20 டிபி வித்தியாசம் ஆர்எஸ்ஆர்க்யூவில் வெறும் 3 டிபியாகச் சுருங்கிவிடுகிறது. 

அந்த 20 டிபி எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதற்கு ஒரு இணைப்பில் அதிகபட்சம் எவ்வளவு தகவல் போகும் என்று 1948இல் கணிதவியலாளர் ஷானன் கொடுத்த சூத்திரம் போதும். எஸ்ஐஎன்ஆர் 0 டிபி என்றால் ஒரு ஹெர்ட்ஸுக்கு விநாடிக்கு 1 பிட், 20 டிபி என்றால் 6.6 பிட்டுக்கு மேல். அதே பேண்டு, அதே டவர், ஆறரை மடங்கு இடம்.

இப்போது இரைச்சல் எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். எந்தக் கருவியிலும் தவிர்க்க முடியாத வெப்ப இரைச்சல், அறை வெப்பநிலையில் ஒரு ஹெர்ட்ஸுக்கு −174 டிபிஎம். 4ஜி தன் அலைவரிசையைப் பல துணை அலைகளாகப் பிரிக்கிறது, ஒன்று 15 கிலோஹெர்ட்ஸ் அகலம், அதைச் சேர்த்தால் −132. போனின் ரிசீவர் தன் பங்குக்கு ஒரு 7 டிபி சேர்க்கிறது என்று வைத்தால் −125. அப்படியென்றால் வேறு டவரே கேட்காத ஒரு வயல்வெளியில் ஆர்எஸ்ஆர்பி −110 என்று ஒற்றைக் கோடு காட்டினாலும் கையில் 15 டிபி எஸ்ஐஎன்ஆர் இருக்கிறது, மீட்டிங் தாராளமாக ஓடும். டவுனுக்குள் −80இல் நம் டவரும், அதே அலைவரிசையில் −81இல் பக்கத்து டவரும் வந்தால் ஃபுல் கோடு காட்டும், கையில் இருப்பது 1 டிபி. 4ஜியில் ஒரு நிறுவனத்தின் டவர்கள் எல்லாம் பெரும்பாலும் ஒரே அலைவரிசையையே திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதால் இது அபூர்வமான நிலைமை இல்லை, உயரமான மாடிகளில் தினமும் நடப்பது.

இனி ஆப்.

கோட்லின் என்ற நிரல் மொழியில் எழுதினேன். ஆண்ட்ராய்டில் நெட்வொர்க் தகவல் தரும் டெலிஃபொனிமேனேஜரிடம் கேட்டால் செல் (டவரின் ஒரு பக்கம்) தகவல் பட்டியல் கிடைக்கும், அதற்குத் துல்லியமான இருப்பிட அனுமதி கண்டிப்பாக வேண்டும். அனுமதி கொடுத்தாலும் போனின் லொகேஷன் பட்டன் அணைந்திருந்தால் பட்டியல் காலியாகத்தான் வரும், எந்தப் பிழைச் செய்தியும் வராது. ஆப் தொடங்கும்போதே இரண்டையும் சோதித்துப் பயனருக்குச் சொல்லிவிடுங்கள்.

அடுத்தது பலர் கவனிக்காத இடம். ஆண்ட்ராய்டு 10 முதல், வழக்கமான கெட்ஆல்செல்இன்ஃபோ அழைப்பு கொடுப்பது சேமித்து வைத்த பழைய அளவு. ரிக்வெஸ்ட்செல்இன்ஃபோஅப்டேட் என்று தனியாகக் கேட்டால்தான் மோடம் (போனின் ரேடியோ சிப்) புதிதாக அளந்து தரும். அதையும் நீங்கள் கேட்கிற வேகத்துக்கெல்லாம் மோடம் தராது, திரை அணைந்திருந்தால் இன்னும் மெதுவாகும். ஆகவே ஒவ்வொரு அளவோடும் வரும் நேரமுத்திரையைப் பாருங்கள், அது கடிகார நேரம் இல்லை, போன் ஆன் ஆனதிலிருந்து ஓடிய நேரம். போன முறை வந்த அதே முத்திரை திரும்ப வந்தால் அந்த வரியைத் தூக்கிப் போடுங்கள். இதைச் செய்யாவிட்டால் மாடியில் எடுத்த அளவு சமையலறைக் கணக்கில் சேர்ந்துவிடும், வரைபடமும் பார்க்க அழகாக, மிருதுவாக இருக்கும், அதனால் சந்தேகமும் வராது. நான் இரண்டு விநாடிக்கு ஒரு முறை கேட்கிறேன், திரையை அணைய விடாமல் வைக்கிறேன்.

2147483647 என்று ஒரு எண் வரும். அது அளவு இல்லை, அந்த அளவு இந்தப் போனில் கிடைக்காது என்று அர்த்தம். விலை குறைந்த போன்கள் சிலவற்றில் எஸ்ஐஎன்ஆருக்கு எப்போதும் இதுதான் வரும், அப்போது ஆர்எஸ்ஆர்க்யூவை வைத்து ஓரளவு ஊகிப்பதைத் தவிர வழியில்லை. இன்னொரு வகைப் போன் எஸ்ஐஎன்ஆரைப் பத்தால் பெருக்கித் தரும், 13 டிபிக்கு 130 என்று. 30க்கு மேல் போனால் கண்டுபிடித்துவிடலாம், ஆனால் 25 என்று வந்தால் அது 25 டிபியா 2.5 டிபியா? ஒரு வழி இருக்கிறது. டவருக்கு நேர் எதிரே, வேறு டவர் எட்டிப் பார்க்காத தெருவில் போய் ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். 200, 250 என்று எண்கள் வந்தால் பத்தால் வகுக்க வேண்டிய போன், 20, 25 என்று நின்றால் நேரடியாகத் தருகிற போன். ஆப்பில் இதை ஒரு அமைப்பாக வைத்துவிட்டேன், போன் மாடலை வைத்துத் தானாக ஊகிக்கும் வேலைக்குப் போகவில்லை.

இரண்டு சிம் போட்டிருந்தால் இரண்டின் செல்களும் ஒரே பட்டியலில் கலந்து வரும், ஆகவே எந்த சிம் என்று பிரித்து, அதில் பதிவாகியிருக்கும் செல்லை மட்டும் எடுக்க வேண்டும். மற்ற செல்களைத் தூக்கிப் போடாதீர்கள். அவைதான் பக்கத்து டவர்கள், நம் குற்றவாளி அங்கேதான் இருக்கிறான். அவற்றுக்குப் பெரும்பாலும் செல்லை அடையாளம் காட்டும் பிசிஐ என்ற 0 முதல் 503 வரையிலான எண்ணும் ஆர்எஸ்ஆர்பியும் மட்டும் கிடைக்கும், அது போதும்.

கூடவே இயர்ஃப்சிஎன் என்ற அலைவரிசை எண்ணையும் எழுதி வைக்கிறேன். 1200 முதல் 1949 வரை என்றால் பேண்டு 3, அதாவது 1800 மெகாஹெர்ட்ஸ். 2400 முதல் 2649 வரை பேண்டு 5, 850 மெகாஹெர்ட்ஸ். 38650 முதல் 39649 வரை பேண்டு 40, 2300 மெகாஹெர்ட்ஸ். இது இல்லாமல் இரண்டு அளவுகளை ஒப்பிடவே கூடாது, போன் சத்தமில்லாமல் பேண்டு மாறிவிட்டிருக்கும், நாம் அறையின் வித்தியாசம் என்று நினைத்துக்கொண்டிருப்போம்.

பிங்குக்கு ஜாவாவில் இருக்கும் ஆயத்த அழைப்பு சரிப்படாது, போனிலேயே இருக்கும் பிங் கட்டளையை ஆப்பிலிருந்து ஓட்டி அதன் வெளியீட்டைப் படிப்பதுதான் நம்பகமானது.

அளவுகளைச் சுருக்குவதில் ஒரு விஷயம். டிபிஎம் எண்களை அப்படியே கூட்டி வகுத்தால் அது சராசரி சக்தி ஆகாது. −80உம் −100உம் சேர்ந்தால் எண்களின் சராசரி −90, உண்மையான சக்தியின் சராசரி −83. எது சரி என்று வாதாடுவதைவிட நடு அளவையும் (மீடியன்), மோசமான பத்து சதவீதம் எங்கே தொடங்குகிறது என்பதையும் எடுத்துக்கொள்வது நல்லது. மீட்டிங்கை உடைப்பது சராசரி இல்லை, அந்த மோசமான பத்து சதவீதம்தான். ஆப்பின் திரையில் பெரிய எழுத்தில் காட்டுவதும் அதைத்தான்.

அளக்கும்போது போனைக் கையில் பிடிக்காமல் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றேன், உடம்பு மறைத்தாலே பல டிபி ஆடும். அறை மாறும்போது ஏரோபிளேன் மோடைப் போட்டு எடுத்தேன், அப்போதுதான் பழைய டவரைப் பிடித்துத் தொங்காமல் புதிதாகத் தேர்ந்தெடுக்கும்.

கிடைத்தது இதுதான். மாடி அறையில் ஆர்எஸ்ஆர்பி நடு அளவு −79, எஸ்ஐஎன்ஆர் 2, மோசமான பத்து சதவீதத்தில் −3 வரை இறங்குகிறது. சமையலறைப் பக்கம் ஆர்எஸ்ஆர்பி −104, எஸ்ஐஎன்ஆர் 13. இருபத்தைந்து டிபி பலவீனமான சிக்னல், ஆனால் பதினொரு டிபி சுத்தம். கீழ்த்தளத்தைச் சுற்றியிருக்கும் வீடுகளும் சுவர்களும் எல்லா டவரையும் மறைக்கின்றன, ஒரே ஒரு டவர் மட்டும் ஏதோ ஒரு சந்து வழியாக உள்ளே வருகிறது. மாடிக்கு அந்த மறைப்பு கிடையாது, இரண்டு பக்கமும் ஜன்னல்.

மாடிக் கோப்பைத் திறந்து பார்த்தபோது பிசிஐ பத்தியில் 143, 311, 143, 311 என்று மாறி மாறி வந்தது. செல் அடையாள எண்ணை 256ஆல் வகுத்தால் டவரின் எண் கிடைக்கும், இரண்டுக்கும் வேறு வேறு எண், ஆக ஒரே டவரின் இரண்டு பக்கங்கள் இல்லை, இரண்டு தனி டவர்கள். பக்கத்து செல் பட்டியலைப் பார்த்தால் இரண்டுக்கும் ஆர்எஸ்ஆர்பி வித்தியாசம் ஒன்றிரண்டு டிபிதான். ஒவ்வொரு முறை மாறும்போதும் பிங் எகிறுகிறது, அந்த இடத்தில்தான் தங்கச்சியின் சத்தம் போயிருக்கிறது.

இரவில் ஊர் அடங்கிய பிறகு எடுத்துப் பார்த்தேன், எஸ்ஐஎன்ஆர் கொஞ்சமும் ஏறவில்லை. இது எனக்கு முக்கியமான துப்பு. பக்கத்து டவரின் டேட்டா தான் இடிக்கிறது என்றால் அந்த இடைஞ்சல் இரவில் குறைந்து எஸ்ஐஎன்ஆர் ஏற வேண்டும். 143ஐயும் 311ஐயும் மூன்றால் வகுத்துப் பாருங்கள், இரண்டிலும் மீதி 2. ஆறால் வகுத்தாலும் இரண்டிலும் மீதி 5. குறிப்பு அலைகள் எந்தத் துணை அலைகளில் போக வேண்டும் என்பதைத் தீர்மானிப்பது இந்த மீதிதான். மீதி ஒன்றாக இருந்தால் இரண்டு டவரின் குறிப்பு அலைகளும் ஒன்றின் மேல் ஒன்று விழும், யாரும் டேட்டா எடுக்காத நடுராத்திரியிலும் விழும், ஏனென்றால் குறிப்பு அலைகள் நிற்பதே இல்லை. நெட்வொர்க் நிறுவனத்துக்குப் புகார் எழுதுவதாக இருந்தால் "நெட் ஸ்லோ" என்று எழுதுவதைவிட இந்த பிசிஐ எண்கள், அலைவரிசை எண், செல் அடையாள எண், நேரம், இடம் எல்லாம் சேர்த்து எழுதுங்கள், பொறியாளர் கையில் போய்ச் சேர்ந்தால் அவருக்கு வேலை செய்ய ஏதாவது இருக்கும்.

எதிர்வீட்டு மாமா நான் மொட்டை மாடியில் போனோடு சுற்றுவதைப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி டவர் கிடைக்கலயா, ஒரு பூஸ்டர் வாங்கி மாட்டிரு, தீர்ந்துச்சு" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார், ஆனால் பூஸ்டர் இங்கே உதவாது. அது 143ஐயும் பெருக்கும், 311ஐயும் பெருக்கும், கூடவே தன் சொந்த இரைச்சலையும் சேர்க்கும். இரண்டும் சேர்ந்து ஏறினால் இடைவெளி அப்படியேதான் இருக்கும், கோடுகள் மட்டும் நிரம்பி வழியும். அது போக, இந்தியாவில் உரிமம் இல்லாமல் பூஸ்டர் வைப்பது சட்டப்படி குற்றம், அதற்கு நியாயமான காரணமும் உண்டு. பூஸ்டர் இரைச்சலை டவர் பக்கமும் அனுப்புகிறது. டவரின் ரிசீவரில் இரைச்சல் ஏறினால் அந்த டவரை நம்பியிருக்கும் தெருவே பாதிக்கப்படும். என் ஆப்பில் அது தெரியவே தெரியாது, போன் அளப்பதெல்லாம் டவரிலிருந்து போனுக்கு வரும் திசையை மட்டும்தான். மாமாவிடம் இதை விளக்கிச் சொன்னேன், "அப்ப சரி தம்பி, வேற வழி பாரு" என்றார்.

வேறு வழி, வேண்டாத டவரை மறைப்பது. முதலில் எந்த டவர் எந்தப் பக்கம் என்று தெரிய வேண்டும். மொட்டை மாடியில் போனை நெஞ்சோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சுற்றினால் முதுகுப் பக்கமிருந்து வரும் சிக்னலை உடம்பு மறைக்கும். ஆப்பில் இரண்டு பிசிஐக்கும் தனித் தனிக் கோடு வரையச் செய்து, கூடவே திசைகாட்டி அளவையும் பதிந்தேன். 143இன் கோடு நான் கிழக்கே பார்க்கும்போது உச்சம், 311 தென்மேற்கே பார்க்கும்போது. கண்ணுக்குத் தெரியும் டவரைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அது வேறு நிறுவனத்தின் டவராக இருக்கலாம், அளவுதான் பேச வேண்டும்.

மாடி அறையில் ஒரு இரும்பு பீரோ இருக்கிறது, வடக்குச் சுவரில் சாத்தி வைத்திருந்தது. அதைத் தென்மேற்கு ஜன்னல் பக்கம் நகர்த்தி, அதன் முன்னால் ஒரு ஸ்டூலில் சிம் போடும் 4ஜி ரவுட்டரை வைத்தேன். இரும்புத் தகடு தென்மேற்கிலிருந்து வருவதை மறைக்கும், கிழக்கு ஜன்னல் எதிரே திறந்திருக்கும். ரவுட்டரைத் தகட்டோடு ஒட்டி வைத்தபோது அளவுகள் கெட்டன, உலோகம் ஆன்டெனாவுக்கு மிக அருகில் வந்தால் அதன் குணமே மாறிவிடும், கிழக்கிலிருந்து வருவதும் தகட்டில் பட்டுத் திரும்பி வந்து மோதும். கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் இழுத்தேன். 1800 மெகாஹெர்ட்ஸில் ஒரு அலையின் நீளம் சுமார் 17 சென்டிமீட்டர், அதனால் நாலு விரல் நகர்த்தினாலே எண்கள் மாறுவது கண்ணுக்குத் தெரியும். ஒரு முழம் தள்ளி, தரையிலிருந்து இடுப்பு உயரத்தில் வைத்தபோது ஆர்எஸ்ஆர்பி −84க்கு இறங்கியது, எஸ்ஐஎன்ஆர் 10க்கு ஏறியது. பிசிஐ பத்தியில் 143 மட்டும்தான், 311 வரவே இல்லை.

ஐந்து டிபி பலம் போய், எட்டு டிபி சுத்தம் கிடைத்தது. கோடு ஒன்று குறைந்ததைப் பார்த்துத் தங்கச்சி முதலில் நம்பவில்லை, மறுநாள் மீட்டிங் முடிந்து இறங்கி வந்து, "அண்ணே, பீரோவ நகத்தாத, அங்கயே இருக்கட்டும்" என்றாள். 

ஒரு எச்சரிக்கை. போனின் அளவும் ரவுட்டரின் அளவும் ஒன்றாக இருக்காது, ஆன்டெனா வேறு, மோடம் வேறு. போனில் இடம் தேடுங்கள், கடைசிச் சரிசெய்தலை ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தில் தெரியும் அளவை வைத்துச் செய்யுங்கள். 

டவரிலிருந்து ரவுட்டர் வரை சரியாகிவிட்டது, ரவுட்டரிலிருந்து லேப்டாப் வரை இன்னொரு வானொலிப் பயணம் இருக்கிறது, வைஃபை. அதற்கும் இரைச்சல் அளவு காட்ட ஆசைப்பட்டேன். ஆண்ட்ராய்டு சாதாரண ஆப்களுக்கு வைஃபையின் இரைச்சல் தளத்தைத் தருவதில்லை, சிக்னல் பலத்தை மட்டும்தான் தரும். சில ஆப்கள் வைஃபைக்கு இரைச்சல் என்று ஒரு எண்ணைக் காட்டினால் அது ஒரு நிலையான எண்ணை வைத்துக் கழித்ததாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். 20 மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு வெப்ப இரைச்சல் −101, ரிசீவரின் பங்கைச் சேர்த்தால் −95 பக்கம், அதைக் கழித்துக் காட்டினால் பார்க்க நியாயமாகத்தான் தெரியும், ஆனால் அது அளவு இல்லை. என் ஆப்பில் அந்த இடத்தைக் காலியாக விட்டேன், பதிலாக மூன்றைக் காட்டுகிறேன்: சிக்னல் பலம், அந்த நேரத்து இணைப்பு வேகம், ரவுட்டர் வரை போய்வரும் பிங். பலம் −50இல் நின்றுகொண்டே இணைப்பு வேகம் சரிந்தால், பிங் ஆடினால், இரைச்சலோ நெரிசலோ இருக்கிறது என்று அர்த்தம்.

உண்மையான இரைச்சல் அளவு வேண்டுமென்றால் ஆப்பை விட்டு வெளியே வர வேண்டும். ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற திறந்த மென்பொருள் போட்ட ரவுட்டரில் ஐடபிள்யூஇன்ஃபோ கட்டளை சிக்னலையும் இரைச்சலையும் தனித் தனியாகக் காட்டும். மேக் லேப்டாப்பில் ஆப்ஷன் பட்டனை அழுத்திக்கொண்டு வைஃபை சின்னத்தைத் தொட்டால் இரண்டும் தெரியும். பக்கத்து வீட்டு வைஃபைகள் எந்தச் சேனலில் இருக்கின்றன என்று ஆப்பே தேடிச் சொல்லும், ஆனால் ஆண்ட்ராய்டு 9 முதல் திரையில் இருக்கும் ஆப் இரண்டு நிமிடத்துக்கு நான்கு முறைதான் தேடலாம், பின்னணியில் இன்னும் குறைவு. சோதனைக்காக டெவலப்பர் அமைப்புகளில் அந்தக் கட்டுப்பாட்டை அணைக்க ஆண்ட்ராய்டு 10 முதல் வழி உண்டு.

2.4 கிகாஹெர்ட்ஸில் இன்னொரு விஷயம், யுஎஸ்பி 3 ஹார்ட் டிஸ்க்கை ரவுட்டர் பக்கத்தில் வைக்காதீர்கள். அதன் கேபிளும் கனெக்டரும் அந்த அலைவரிசையில் இரைச்சல் கசிய விடும் என்று இன்டெல் நிறுவனமே 2012இல் ஆய்வறிக்கை வெளியிட்டிருக்கிறது. மைக்ரோவேவ் அவனும் 2.45 கிகாஹெர்ட்ஸ்தான், சாதாரண மின்மாற்றி வகையாக இருந்தால் நம் 50 ஹெர்ட்ஸ் கரன்ட்டில் 10 மில்லிவிநாடி இரையும், 10 மில்லிவிநாடி அடங்கும். அதனால் பிங் முழுசாகச் சாகாமல் குதித்துக் குதித்துப் போகும். 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாறிவிட்டால் இரண்டு தொல்லையும் இல்லை, எங்கள் மாடி அறை அளவுக்கு அதுவே தாராளம்.

5ஜி போன்களில் சோதித்தபோது பார்த்தது ஒன்று சொல்ல வேண்டும். 4ஜியை அடிப்படையாக வைத்துக்கொண்டு மேலே 5ஜி சேர்க்கும் வகை நெட்வொர்க்கில், திரையில் 5ஜி என்று எழுதியிருக்கும், ஆனால் செல் பட்டியலில் 5ஜி செல் வராமல் போகலாம். அப்போது சிக்னல் ஸ்ட்ரெங்த் பொருளிலிருந்து செல் சிக்னல் பட்டியலைத் தனியாக எடுத்தால் எஸ்எஸ்-ஆர்எஸ்ஆர்பி, எஸ்எஸ்-எஸ்ஐஎன்ஆர் என்ற 5ஜி அளவுகள் கிடைக்கும், போனைப் பொறுத்து. அந்த நேரத்தில் 4ஜி எஸ்ஐஎன்ஆரையும் விடாமல் பதியுங்கள். 5ஜி அளவு எவ்வளவு நன்றாக இருந்தாலும் இணைப்பைப் பிடித்து வைத்திருப்பது கீழே இருக்கும் 4ஜி செல்தான், அது தடுமாறினால் மேலே இருப்பதும் சேர்ந்து விழும். ஆப்பில் இப்போது இரண்டு வரிகளையும் ஒன்றின்கீழ் ஒன்றாக வைத்திருக்கிறேன், மேலே 4ஜி, கீழே 5ஜி, இரண்டுக்கும் மோசமான பத்து சதவீத அளவோடு.